அல்லி விற்ற பால்சுறா

அல்லி பொய் சொல்லித்தான் மீன் விற்றாள். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஐஸில் கிடந்து கண் வெளுத்த வஞ்சிரத்தை 'இப்பத்தான் கரையேறுச்சு' என்று சத்தியம் பண்ணாத மீன்காரியை நான் பார்த்ததில்லை. ஆனால் மற்றவர்கள் சொன்ன பொய் அன்றைய குழம்போடு தீர்ந்துபோனது. அல்லி சொன்ன ஒரு பொய் காரைக்கால் முழுக்கப் பரவி வழக்கமாகவே ஆகிவிட்டது.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்குப் பால்சுறா புட்டு கொடுப்பது இந்தக் கடற்கரையில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். சுறாவை மஞ்சள் போட்டு அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு வதக்க வேண்டும். காரைக்கால்மேட்டிலிருந்து கூடையோடு எங்கள் தலத்தெருவுக்கு வரும் அல்லிக்கு அதுதான் பெரிய வியாபாரம். எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதம் என்று அவளுக்குத் தெரியும். சில வீட்டில் மாமியாருக்குத் தெரிவதற்கு முன்னாலேயே தெரியும்.

ஒருநாள் இன்னொரு மீன்காரி தெருவுக்குள் நுழைந்து விலையைக் குறைத்தாள். அல்லி அசரவில்லை. கூடையைத் துழாவி, வயிறு உப்பிய சுறா ஒன்றைத் தூக்கி எங்கள் வாசலில் போட்டாள்.

"இது வயித்துக்காரி யக்கா. குட்டி சொமக்குற சுறா. தனக்கே பால் ஊறிக் கெடக்குற ஒடம்பு. இதத் தின்னா ரெண்டு பங்கு ஊறும். அவ வெச்சிருக்குறது வெறும் சுறா. குடுத்துப் பாருங்க, வெறும் காத்துதான் வரும்."

சுறாவுக்கு ஏது பால்? அங்கே நின்ற ஆறேழு பெண்களில் ஒருத்திகூடக் கேட்கவில்லை. நானும்தான். 'வயித்துக்காரி' என்ற பேரை அவள் அந்த வாசலில் நின்றபடியே வைத்தாள். வாயில் வந்ததைச் சொன்னதாக ஒருநாள் என்னிடமே சொல்லிச் சிரித்தாள்.

பேர் நிலைத்துவிட்டது. கொஞ்ச காலத்தில் வெறும் சுறாவை யாரும் வாங்கவில்லை. பிரசவ வீட்டுக்காரர்கள் எல்லாரும் வயித்துக்காரிதான் வேண்டும் என்றார்கள். அதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவோம் என்றார்கள். அதனால் அல்லி வீட்டுக் கொல்லையிலேயே உட்கார்ந்து வயிற்றைக் கிழிப்பாள். பால்சுறா முட்டை இடாது, குட்டியாகத்தான் போடும். அந்தக் குட்டிகளை அரிவாள்மணைக்குப் பக்கத்தில் வரிசையாகப் படுக்கவைப்பாள். மாமியார்கள் குனிந்து பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டுவார்கள். பார்த்து முடிந்ததும் பூனைக்குப் போகும்.

என் மருமகள் பிள்ளை பெற்று வந்தபோதும் அல்லிதான் கொண்டுவந்தாள். ஃபைபர் படகில் அப்போதுதான் வந்திறங்கிய சுறா. கிழித்ததும் வழுக்கிக்கொண்டு விழுந்த குட்டிகளில் ஒன்று, மீன் அலசுவதற்கு வைத்திருந்த அலுமினிய அன்னக்கூடைத் தண்ணீருக்குள் போய் விழுந்தது. விழுந்தது நீந்தியது. சாண் நீளம்தான் இருக்கும். அலுமினியத்தில் போய் மூக்கால் முட்டும். திரும்பும். எதிர்ப்பக்கம் போய் முட்டும். டொக், டொக் என்று சன்னமாக ஒரு சத்தம்.

அல்லி கத்தியைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா அல்லி, சீக்கிரம் முடி. உள்ள புள்ள அழுவுது" என்றேன்.

"வெளில போவ வழி தேடுதுக்கா" என்றாள்.

பிறகு ஒரு தட்டை எடுத்து அன்னக்கூடையை மூடிவிட்டு, துண்டு போட ஆரம்பித்தாள். மூடிய பிறகும் சத்தம் வந்தது. சுறாவை நறுக்கி, கழுவி, பணம் வாங்கி முடியும்வரை வந்துகொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது.

எனக்கு நின்றுவிட்டது. அவளுக்கு நிற்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்துத்தான் சொன்னாள். வீட்டில் எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் நிறைத்து வைத்தாலும் உள்ளேயிருந்து முட்டுகிறதாம். குடம், வாளி, சாம்பார் சட்டி, எதுவும் பாக்கியில்லை. மூடியைத் திறந்தால் வெறும் தண்ணீர். மூடினால் டொக்.

"காது டாக்டர்ட்ட போ" என்றேன்.

"காதுல கேக்கலக்கா. கையில கேக்குது. கொடத்தத் தூக்குனா உள்ளேருந்து வந்து முட்டுறது விரல்ல தெரியுது."

அவள் வீடு காரைக்கால்மேட்டில் சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்று. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. மகள் கவியாவும் அவளும்தான். ஒருமுறை போனபோது பார்த்தேன். எல்லாக் குடமும் கவிழ்ந்து கிடந்தது. நேரத்துக்குத்தான் குழாயில் தண்ணீர் வரும் ஊரில், ஒரு செம்புகூட நிறைத்து வைக்காமல் குடும்பம் நடத்துகிறாள். மகளிடம், தண்ணீரில் கொசு முட்டையிடும் என்று சொல்லி வைத்திருந்தாள். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேய் பிடித்தவள் கையால் யார் மீன் வாங்குவார்கள்?

அன்றிலிருந்து வயித்துக்காரி விற்பதை நிறுத்தினாள். அவள் நிறுத்தினால் ஊர் நின்றுவிடுமா? மற்ற மீன்காரிகள் அதே பேரைக் கூவிக்கொண்டு வந்தார்கள். கடலில் சுறாவே குறைந்துபோய், வருவதெல்லாம் முழங்கை நீளம்கூட இல்லாத பொடிசுகளாக வந்தது. வயிறு உப்பியது எப்போதாவது ஒன்று. குறையக் குறைய, அதற்கு அடித்துக்கொள்வதும் கூடியது.

அல்லி ஏலக் கரையில் போய்க் கேட்டாள். குட்டியோடு இருப்பதை விட்டுவிடக் கூடாதா என்று.

"வலைக்கு வயிறு தெரியுமா யக்கா? தடைக்காலத்துல ரெண்டு மாசம் கடலுக்கே போவாம குந்தியிருக்கோம், அதுக்கு மேல என்னா செய்யச் சொல்றீங்க? பொம்பளைங்க நீங்க கேக்குறதாலதானே அதுக்கு வெல. கேக்காம இருங்க" என்றார்கள் படகுக்காரர்கள்.

மீன்காரிகளோ, நான் விற்காவிட்டால் அடுத்தவள் விற்பாள் என்றார்கள். வாங்குகிற வீட்டுக்காரிகள் மாமியாரைக் கைகாட்டினார்கள். மாமியார்கள் செத்துப்போன மாமியார்களைக் கைகாட்டினார்கள். எங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இதெல்லாம் அரசாங்கம் பாத்து சட்டம் போடணும்" என்றார்.

"அரசாங்கமா வந்து நம்ம வூட்டுல புட்டு தின்னுச்சு?" என்று கேட்டேன். மறுபடி பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

இதற்குள் கவியாவைக் கிளிஞ்சல்மேட்டில் கட்டிக் கொடுத்திருந்தாள் அல்லி. மாப்பிள்ளை புகழேந்தி விசைப்படகில் போகிறவன். நல்ல பையன், அம்மா பேச்சைத் தட்டமாட்டான். அந்த அம்மா லோகாம்பாள். அவள் பேச்சை யார்தான் தட்டமுடியும்? முதல் பிரசவத்துக்குக் கவியா தாய்வீடு வந்தாள். ஆண்பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தும் பால் சரியாக இறங்கவில்லை. பிள்ளை கத்து கத்தென்று கத்தியது. அடிக்கடி மாரில் போட்டுக்கொண்டே இரு, தானாக வரும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். அல்லி காரப்பொடி மீனில் பூண்டு தட்டிப்போட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

லோகாம்பாள் பார்க்க வந்த அன்று நானும் பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தேன். சட்டியைத் திறந்து பார்த்தவள், மூடியைப் பட்டென்று போட்டாள்.

"ஊருக்கெல்லாம் வயித்துக்காரி குடுத்தீங்க. ஒங்க மவளுக்கு மட்டும் காரப்பொடியா சம்மந்தி?"

"அது நான் சொன்ன பொய்யிங்க சம்மந்தி. யாவாரத்துக்குச் சொன்னேன்."

"நல்லாருக்கே! எங்க அம்மா காலத்துலேருந்து வர்ற வழக்கங்க அது. நான் புகழேந்தியப் பெத்தப்ப எங்கம்மா அதத்தான் குடுத்துச்சு."

"ஒங்கம்மா குடுத்தது வெறும் பால்சுறாங்க. வயித்துக்காரிங்குற பேரே நான் வெச்சதுங்க. இந்தா நிக்கிறாங்களே அக்கா, அவங்க வாசல்ல வெச்சுத்தான் சொன்னேன்."

"ஓ, நீங்க வெச்சீங்களா! அப்ப கடலுக்கு உப்பு போட்டது யாரு? அதுவும் நீங்கதானா?"

நான், "அவ சொல்றது நெசந்தாங்க" என்றேன். லோகாம்பாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க தலத்தெருக்காரங்க. கடல் வழக்கம் ஒங்களுக்கு என்னா தெரியும்?" என்றவள் அல்லி பக்கம் திரும்பினாள். "என் பேரன் பட்டினி கெடந்து ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாவம் யாரு தலையில? அப்பறம் இந்த வூட்டு வாசல்ல அவன் காலு படாது, சொல்லிட்டேன். ஒரு கொடம் தண்ணி நெறச்சு வெக்கத் துப்பில்லாத வூடு இது. இதுல புள்ளையக் குளிப்பாட்டணும்னா கொழாய் எப்ப வரும்னு பாத்துக்கிட்டு நிக்கணும்."

 பேரன் வந்த நாளிலிருந்து அல்லி முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே அணைந்துபோனது.

புகழேந்தி எங்கெங்கோ சொல்லிவைத்து ஒரு வயித்துக்காரியைப் பிடித்துவிட்டான். ஐஸ் பையில் போட்டு அவன் கொண்டுவந்த அன்று விடியற்காலையிலேயே கவியாவுக்குப் பால் இறங்கியிருந்தது. ஜாக்கெட் நனைந்து, பிள்ளை வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அல்லி எனக்குப் போன் போட்டு, "வந்துருச்சுக்கா, வந்துருச்சு" என்று அழுதாள். அதற்கப்புறம்தான் ஐஸ் பை வந்தது. பின்னாலேயே லோகாம்பாள் வந்தாள்.

அல்லி கத்தியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். லோகாம்பாளே உட்கார்ந்து கன்னாபின்னாவென்று கிழித்தாள். ஐந்து குட்டி. அதைக் கொண்டுபோய்க் கவியாவிடம் காட்டினாள். மத்தியானம் புட்டு போட்டாள். சாயங்காலம் கேட்டாள்.

"என்னாடி, வந்துச்சா?"

"வந்துச்சு அத்த. நீங்க குடுத்த பொறவுதான் வந்துச்சு" என்றாள் கவியா.

அல்லி அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் போனதும் மகளைப் பிடித்தாள்.

"ஏண்டி அப்புடிச் சொன்ன?"

"ஒரு வார்த்ததானேம்மா. அத்தைக்கு சந்தோசம். ஒனக்கு என்னா போச்சு?"

ஒரு வார்த்தை என்ன செய்யும் என்று இந்த ஊரில் அல்லியைவிட யாருக்குத் தெரியும்?

பதினாறாம் நாள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டார்கள். கிளிஞ்சல்மேட்டிலிருந்தும் காரைக்கால்மேட்டிலிருந்தும் பெண்கள் வந்து கூடம் நிறைந்திருந்தது. லோகாம்பாள் நடுவில் உட்கார்ந்து வயித்துக்காரி புராணம் பாடிக்கொண்டிருந்தாள். எப்படி அலைந்து பிடித்தார்கள், எத்தனை குட்டி, தின்ற சாயங்காலமே எப்படிப் பால் பீய்ச்சியது. பெற்ற அம்மாவே கொடுக்க மறுத்ததைத் தான் கொடுத்ததையும் விடவில்லை. லோகாம்பாளின் பக்கத்து வீட்டுப் பூங்கொடிக்கு ஏழாம் மாதம். அவள் புகழேந்தியைப் பார்த்து, "எனக்கும் சொல்லி வைங்கண்ணே" என்றாள்.

"இப்பவே சொல்லிட்டீங்கள்ல, கெடைக்கிறப்பல்லாம் எடுத்து ஐஸ்ல போட்டு வெச்சுடுறேன்" என்றான் அவன். இன்னும் இரண்டு பேர் தங்கள் மகள்களுக்கும் சொல்லிவைத்தார்கள்.

அல்லி எழுந்தாள். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அன்னக்கூடையைப் பிடித்து நிறைத்து, தூக்கிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் பெண்களுக்கு மத்தியில் வைத்து, மேலே ஒரு தட்டை மூடினாள்.

"இந்த வூட்டுல ஏன் தண்ணி நெறச்சு வெக்கிறதில்லன்னு சம்மந்தி கேட்டாங்க. கேளுங்க எல்லாரும்" என்றாள்.

யாரோ சிரித்தார்கள்.

"இந்தக் கையால எத்தன வயித்தக் கிழிச்சேன்னு எனக்கே தெரியாது. அதுங்க என்னய வுடல. கொடத்துல வந்து முட்டுது, வாளில வந்து முட்டுது. வெளில சொன்னா யாவாரம் போயிரும்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். இனிமே மூடி என்னா? என்னய மட்டும் இல்ல, வயித்துக்காரியத் தின்ன வூட்டுக்கெல்லாம் அதுங்க போவும். பால் குடிக்கிற புள்ளையத் தேடிப் போவும். இந்த வூட்டுலயும் தின்னாச்சு."

முதல் பாதி எனக்கு முன்பே தெரிந்தது. இரண்டாவது பாதியை அன்றைக்குத்தான் கேட்டேன். அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

 பூங்கொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கேக்குது" என்றாள். "அய்யோ, முட்டுது!"

அப்புறம் எல்லாருக்கும் கேட்டது. எனக்குக் கேட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். ஒருத்தி தைரியமாகத் தட்டை எடுத்தாள். வெறும் தண்ணீர். மேலே மட்டும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. ஃபேன் காற்று என்று யாரோ ஃபேனை நிறுத்தினார்கள். அதன் பிறகும் நடுங்கியது.

லோகாம்பாள் தொட்டிலிலிருந்து பிள்ளையை வாரி எடுத்தாள். மூன்றாம் மாதம் முடிந்துதான் புருஷன் வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். அன்று சாயங்காலமே ஆட்டோ பிடித்துக் கவியாவையும் பிள்ளையையும் கிளிஞ்சல்மேட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். கவியா அழுதுகொண்டே போனாள். அல்லி வாசலில் நின்றாள். ஆட்டோ பக்கத்தில் போகவில்லை.

நான் சொன்னது பொய் என்று அவள் சொன்னபோது ஊர் நம்பவில்லை. பேய் என்று சொன்னதும் ஒரே நாளில் நம்பிவிட்டது. கிளிஞ்சல்மேட்டிலும் காரைக்கால்மேட்டிலும் வயித்துக்காரியை இப்போது யாரும் வாங்குவதில்லை. அந்தப் பேச்சு தலத்தெருவுக்கும் வந்து சேர்ந்தது. கொஞ்சம் கையும் காலும் வைத்துத்தான் வந்தது. படகில் உயிரோடு ஒன்று ஏறினால், ஏன் வம்பு என்று காலாலேயே கடலுக்குள் தள்ளிவிடுகிறார்களாம். புகழேந்தியே சொன்னான். செத்து ஏறுவது ஐஸ் லாரியில் வெளியூருக்குப் போகிறது. லாரிக்காரனுக்கு அல்லியையும் தெரியாது, முட்டுவதும் தெரியாது. அதனால் கடலில் சுறா பெருகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு குப்பத்தில் சில வயிறு கிழியாமல் போகிறது. அவ்வளவுதான்.

அல்லியின் கூடையும் போய்விட்டது. அவள் கைபட்ட மீன் எதையும் யாரும் தொடவில்லை, நெத்திலியைக்கூட. கடைசியில் கருவாடு காயப்போடும் இடத்தில் வேலைக்குப் போனாள். அங்கே மீனை யார் திருப்பிப் போட்டது என்று வெளியூர்க்காரனுக்குத் தெரியாதில்லையா?

போன மாதம் கருவாடு வாங்கப் போனேன். மணலில் விரித்த பாய்மேல் உட்கார்ந்து வாளை மீனைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். பேரனைப் பார்த்தாயா என்று கேட்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள் போன் அடித்தது. கையெல்லாம் உப்பு. என்னை அமுக்கச் சொன்னாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா" என்றாள் கவியா. "அத்தைக்கு மனசு எறங்கியிருக்கும்மா. அவன் ஒம்மூஞ்சி மாதிரியே இருக்கான்னு நேத்து அதுவே சொல்லுச்சு. நீ ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். அன்னைக்கு கோவத்துல சொல்லிட்டேன், முட்டுறதும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு சொல்லும்மா. நாளைக்கே தூக்கிட்டு வரேன்."

அல்லி கையில் இருந்த வாளை மீனைக் கீழே வைத்தாள்.

"அத்தை பக்கத்துலதான் இருக்கு. போனக் குடுக்கட்டுமா? பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லும்மா. நீதான் இதெல்லாம் நல்லா சொல்லுவியே!"

அவள் குரலுக்குப் பின்னால் பிள்ளையின் சத்தம் கேட்டது. அல்லி போனை நோக்கிக் குனிந்தாள். காது வைத்துக் கேட்கிற மாதிரி அப்படியே இருந்தாள். நான் மெதுவாக, "சொல்லித் தொலையேன்டி. இவ்வளவு நாள் போதாதா?" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். எனக்கா, போனுக்கா, தெரியவில்லை.

"பூங்கொடிக்கு என்னா புள்ளடி பொறந்துச்சு?" என்று கேட்டாள்.

"பொண்ணு. அது எதுக்கு இப்ப?"

"சுறா தின்னாளா?"

"எங்கேருந்து? ஒன் பேச்சக் கேட்டுத்தான் அந்தப் பக்கமே போவலையே. பால் நல்லாத்தான் இருக்கு அவளுக்கு. அம்மா, அத்தைட்ட குடுக்குறேன், சொல்லு."

"கவியா, நான் சொன்னது நெசந்தான்டி. அன்னைக்கு மாதிரியே இப்பவும் முட்டுது. புள்ளைய இஞ்ச கொண்டாராத."

 அந்தப் பக்கம் பிள்ளையின் சத்தம் ஒருமுறை பெரிதாகக் கேட்டது. பிறகு போன் கட்டானது.

அல்லி வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பேரன் சிரிச்சான்ல யக்கா?"

எனக்கு அழுத மாதிரித்தான் கேட்டது.

"ஆமா அல்லி, நல்லா சிரிச்சான்" என்றேன்.